ரங்கூன் மல்லி மாடிவரை ஏறுகிறது, பூ மட்டும் இல்லை: என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: ரங்கூன் மல்லி நட்டு இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. கொடி மாடிவரை ஏறி, இலை கருகருவென்று அடர்ந்து நிற்கிறது. பூ மட்டும் உச்சியில் நாலைந்து கொத்து. கீழே நின்றால் வாசனையே தெரிவதில்லை. உரம் போட வேண்டுமா, வெட்டலாமா, வெட்டினால் பட்டுப்போகுமா, இதிலிருந்து இன்னொரு கன்று எடுக்க முடியுமா?

வெட்டலாம், பட்டுப்போகாது. உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்தக் கொடியைப் பற்றி ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரங்கூன் மல்லி புதிதாக விட்ட தளிரின் நுனியில்தான் பூக்கும். அந்த நுனியில் வெயிலும் பட வேண்டும். முற்றிய கட்டையிலிருந்து நேராகப் பூ வராது. உங்கள் கொடியில் புதுத் தளிர் எல்லாம் மாடி உயரத்தில் இருக்கிறது, வெயிலும் அங்கேதான் விழுகிறது, ஆகவே பூவும் அங்கே. கீழே மிஞ்சியிருப்பது வெறும் தண்டும் நிழலும். கண் மட்டத்தில், வெயில் படுகிற மாதிரி எத்தனை புது நுனிகளை உண்டாக்குகிறீர்களோ அத்தனை கொத்து கிடைக்கும். கவாத்து (கொடியை அளவாக வெட்டிவிடுவது), தண்ணீர், உரம், பந்தல் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில் வைத்துப் பாருங்கள்.

பெயரில் மல்லி இருப்பதால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். மல்லிகை, முல்லை, பிச்சி எல்லாம் ஒரு குடும்பம். ரங்கூன் மல்லி அந்தக் குடும்பமே இல்லை. மருதமரம், கடுக்காய், தான்றி, நாட்டுவாதுமை இவற்றுக்குத்தான் இது உறவு. மதுமாலதி என்று நர்சரிகளில் விற்பதும் இதையேதான். தாவரவியல் பெயர் இப்போது காம்பிரீட்டம் இண்டிகம். பழைய நூல்களில் குவிஸ்குவாலிஸ் இண்டிகா. குடும்பம் வேறு என்பதால் பக்குவமும் வேறு. மல்லிகைக்குச் செய்வதுபோல் கவாத்துக்கு முன் தண்ணீரை நிறுத்திக் காயவிடும் வேலை இதற்குத் தேவையில்லை. மல்லிகை புதராக இடுப்பளவில் நின்றுவிடும். இது விட்டால் எட்டுப் பத்து மீட்டர் சாதாரணமாகப் போகும், பெரிய மரம் கிடைத்தால் அதற்கு மேலும் ஏறும். அதை மனதில் வைக்காமல் இரண்டடி மூங்கில் தட்டியில் ஏற்றிவிட்டு, அது சாய்ந்தபிறகு வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

குவிஸ்குவாலிஸ் என்ற பழைய பெயருக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. நடுகிறவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்த ரம்ஃபியஸ் என்ற தாவர ஆய்வாளர் இந்தக் கொடிக்கு வைத்த பெயர் அது. ‘குவிஸ்’ என்றால் லத்தீனில் யார், ‘குவாலிஸ்’ என்றால் எப்படிப்பட்டது. மலாய் மொழியில் இதன் பெயர் உடானி. அது டச்சு மொழியில் ‘எப்படி’ என்று கேட்கும் சொல்லைப்போல ஒலிப்பதை வைத்து அவர் அமைத்த சொல் விளையாட்டு என்று சொல்வார்கள். 1762இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் அதையே அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டார். யார் நீ, எப்படிப்பட்டவன் என்று ஒரு செடியைக் கேட்கத் தோன்றியதில் வியப்பில்லை. நட்ட புதிதில் இது கொடியாகவே இருக்காது. அரையடி, ஓரடி, மூன்றடி என்று நிமிர்ந்த புதராக நிற்கும். இலைகள் ஒழுங்கில்லாமல் அமைந்திருக்கும். ஏமாந்துவிட்டோம், வேறு செடியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு ஒருநாள் அடியிலிருந்து சாட்டை மாதிரி நீளமான தளிர்கள் கிளம்பும். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மீட்டர் நீண்டு, வளைந்து, தரையைத் தொடும். அந்தச் சாட்டைகள்தான் உண்மையான கொடி. புதரின் அழகைக் கெடுக்கிறது என்று அவற்றை நறுக்கிவிட்டால் கொடியின் முதுகெலும்பையே நறுக்கியதாகும். முதல் ஆண்டில் கத்தரி வேண்டாம். பதியனிலோ (தாய்ச்செடியில் இருக்கும்போதே தண்டை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வது) போத்திலோ (வெட்டி நடும் தண்டுத் துண்டு) வந்த கன்று நல்ல வெயிலில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பூக்கத் தொடங்கும். விதையிலிருந்து வந்தது இன்னும் தாமதிக்கும்.

இது எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் பந்தல் போடுவது சுலபம். பாகல், புடலைபோல் பற்றுக்கம்பிச் சுருள் இதற்குக் கிடையாது. சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது. ஒரு முற்றிய தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வளைந்த முள் இருக்கும். அது உண்மையில் முள் இல்லை. இலை உதிரும்போது காம்பு முழுவதும் விழாமல் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, காய்ந்து, கட்டையாக இறுகிப்போகிறது. சாட்டைத் தளிர் எதன்மேலாவது சாய்ந்து, இந்தக் கொக்கிகளால் வழுக்காமல் மாட்டிக்கொண்டு, மேலே போகிறது. எனவே மொழுமொழுவென்ற சுவரில் தானாக ஏறாது. நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். கவாத்துக்குக் கனமான கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டியிருப்பதும் இந்தக் காம்பு முள்ளால்தான்.

பந்தலுக்கு இரும்புக் குழாயோ கல்தூணோதான் தாங்கும். நான்கைந்து ஆண்டுக் கொடி மழையில் நனைந்தால் அதன் பாரம் மெல்லிய சவுக்குக் கம்புகளை முறித்துவிடும். சுவரோரம் என்றால் 3 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய கம்பியை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் காற்று போனால் மாவுப்பூச்சி குறையும், பின்னாளில் கத்தரியும் கையும் நுழையும். தண்டைக் கம்பியோடு கட்டக் கயிறு அல்லது துணிக்கிழிசல் எடுத்து, எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பட்டியையோ கட்டுக்கம்பியையோ இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது பட்டைக்குள் புதைந்து அதற்கு மேலே உள்ளதெல்லாம் காயும். ஓட்டுக்கூரை, மழைநீர்க் குழாய், மின்கம்பி இவற்றின் பக்கம் போக விடாதீர்கள். சின்ன மரத்தில் ஏற்றவும் வேண்டாம். இரண்டு ஆண்டில் மரத்தின் தலையை மூடி வெயிலை மறைத்துவிடும்.

இனி உங்கள் கொடிக்கான வைத்தியம். பூத்து ஓய்ந்த பிறகு, அடுத்த வெதுவெதுப்பான வளர்ச்சிப் பருவம் தொடங்குவதற்கு முன் பெரிய கவாத்து செய்யுங்கள். குளிர்காலம் தெளிவாக உள்ள இடங்களில் குளிர் விலகத் தொடங்கும் நேரம் சரியானது. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் இடங்களில் பூ குறைந்த எந்த மாதத்திலும் செய்யலாம், கடுங்கோடையின் உச்சத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

முதலில் அடியில் உட்கார்ந்து தண்டுகளை எண்ணுங்கள். விரல் பருமனுக்கு மேல் உள்ள, ஆரோக்கியமான மூன்று முதல் ஐந்து தண்டுகளைத் தேர்ந்து துணி கட்டி அடையாளம் வையுங்கள். இதைச் செய்யாமல் மேலிருந்து வெட்டத் தொடங்கினால் எது எதனுடையது என்று தெரியாமல் நல்ல தண்டையே அறுத்துவிடுவீர்கள். பிறகு காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசிப் புண்ணானவை, நிழலில் கிடந்து வெளுத்தவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். அடையாளம் வைத்த தண்டுகளை இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் இடையில், வெவ்வேறு உயரங்களில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டினால் தளிர் எல்லாம் ஒரே இடத்தில் குடை மாதிரி கிளம்பி, கீழ்ப்பகுதி மறுபடியும் மொட்டையாகும். மேலே சிக்கிக் கிடக்கும் கொடியை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டாம். காம்பு முள் கம்பியையும் கூரை ஓடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஒரு வாரம் அப்படியே விட்டால் இலை வாடி உதிரும், பிறகு முழ நீளத் துண்டுகளாக நறுக்கி எடுக்கலாம்.

ஒரே நாளில் இவ்வளவு வெட்ட மனம் வரவில்லை என்றால் பாதித் தண்டுகளை இப்போதும் மீதியை இரண்டு மாதம் கழித்தும் வெட்டலாம். செடிக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தத் தயக்கம் நமக்காக. பனி கருக்கித் தரைமட்டம் வரை போன கொடியே வேரிலிருந்து மறுபடி கிளம்பி அதே ஆண்டில் பூக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் கை நடுங்காது.

வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று வாரத்தில் கணுக்கள் ஊதும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தளிர் முழங்கை நீளம் வந்ததும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நுனியைக் கிள்ளுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்றாகக் கிளைக்கும். அதோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். வேலிக்கத்தரி வைத்து மாதம் தவறாமல் வெளிமுகத்தைச் சமமாக நறுக்கிக்கொண்டே இருந்தால் பச்சைச் சுவர் ஒன்று கிடைக்கும், பூ கிடைக்காது. ஏனென்றால் நறுக்கி விழுவதெல்லாம் மொட்டுக் கட்டவிருந்த நுனிகள். அழகாக வெட்டிப் பராமரிக்கப்படும் வளைவுகள் பல பூக்காமல் நிற்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிளம்பும் தளிர்களை நேராக மேலே ஏற விடாமல் கம்பிகளில் படுக்கவைத்துக் கட்டுங்கள். உயரமாக நிற்கும் நுனியிலிருந்து இறங்கும் வளர்ச்சி ஊக்கி அடிக் கணுக்களை உறங்க வைத்துவிடுகிறது. தண்டு கிடைமட்டமானால் அந்தப் பிடி தளர்ந்து, நெடுகிலும் கணுக்கள் விழிக்கின்றன. நேராக நின்றால் ஒரு நுனி. படுத்திருந்தால் அதே தண்டில் ஏழெட்டு நுனி. கவாத்துக்கு அடுத்தபடியாகப் பூவைப் பெருக்கும் வேலை இதுதான், ஒரு பைசா செலவும் இல்லை.

வெயில் குறைந்தது 6 மணி நேரம் நேரடியாக விழ வேண்டும். நான்கு மணி நேரத்திலும் கொடி வளரும், ஆனால் பூ கணிசமாகக் குறையும். வேர்ப்பகுதி நிழலிலும் தலை வெயிலிலும் இருப்பது நல்ல அமைப்பு. வடக்குச் சுவரின் நிழலில் நட்டுவிட்டு உரத்தால் சரிக்கட்ட முடியாது. அந்த நிலை என்றால் செடியை மாற்றுவதுதான் வழி.

பூக்கத் தொடங்கியதும் ஒரு மாலை நேரத்தைக் கொடியருகில் செலவிடுங்கள். கவாத்து எப்போது என்பதைக் கொத்தே சொல்லும். மொட்டு ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய பச்சைக் குழலாகத் தொங்கும். பொழுது சாய்ந்ததும் அதன் முனையில் ஐந்து இதழ் விரியும், தூய வெள்ளை. அப்போது பூ பக்கவாட்டில் முகம் காட்டி நிற்கும், வாசனையும் அந்த நேரத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும். தேன் குழலின் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய இராப்பூச்சிகள் இருட்டில் வந்து குடிக்கும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகிக் கொஞ்சம் தலை சாயும். மூன்றாம் நாள் அடர்சிவப்பாகித் தொங்கிவிடும். பகலில் தேனீயும் தேன்சிட்டும் வருவது இந்த நிறங்களுக்குத்தான். ஒரே கொத்தில் மூன்று நிறம் தெரிவது மூன்று வயதுப் பூக்கள் சேர்ந்திருப்பதால். கொத்தின் நுனியில் பச்சை மொட்டும் வெள்ளையும் இருந்தால் அது இன்னும் பல நாள் பூக்கும். வெறும் சிவப்பு மட்டும் தொங்கி, நுனியில் மொட்டே இல்லை என்றால் அதன் வேலை முடிந்தது. கொத்துக்குக் கீழே இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து வரும் பக்கத்தளிர் அடுத்த கொத்தைக் கொடுக்கும். பருவம் முழுவதும் செய்ய வேண்டிய சின்னக் கவாத்து இவ்வளவுதான்.

வாசனை இல்லை என்ற புகாருக்கும் பதில் இதில் இருக்கிறது. பகலில் மோந்து பார்த்தால் ஏமாற்றம்தான். இரவில், காற்று அதிகம் வீசாத நேரத்தில், அன்று விரிந்த வெள்ளைப் பூவிடம்தான் மணம் நிறைந்திருக்கும். உங்கள் கொடியில் அந்தப் பூக்கள் இருபதடி உயரத்தில் இருப்பதால் மணம் உங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. நர்சரியில் அடுக்குப் பூ ரகமும் ஒற்றைப் பூ ரகமும் உண்டு. அடுக்கு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். மணத்துக்காக வாங்குகிறவர்கள் முடிந்தால் பூத்த செடியை மாலையில் போய் மோந்து பார்த்து எடுப்பது உத்தமம். புதராகவே நிற்கும் குட்டை ரகங்களும் கிடைக்கின்றன. பந்தலுக்கு அவை உதவாது, பெரிய தொட்டிக்குப் பொருந்தும்.

உரத்தில் பெரும்பாலோர் செய்வது குறைவு அல்ல, மிகை. இலை கருகருவென்று இருக்கிறது என்று நீங்கள் சொன்னதே போதுமான தழைச்சத்து கிடைக்கிறது என்பதற்குச் சாட்சி. பக்கத்தில் புல்தரைக்கு யூரியா போடுகிறீர்களா என்று பாருங்கள். அதில் ஒரு பகுதி இந்தக் கொடியின் வேருக்கும் வந்து சேரும். வளர்ந்த கொடிக்கு ஆண்டுக்கு இருமுறை, பெரிய கவாத்துக்குப் பின் ஒருமுறையும் பூக்கும் பருவத்தின் நடுவில் ஒருமுறையும், 5 கிலோ மக்கிய தொழு உரம் போதும். தண்டை ஒட்டிக் கொட்டாமல் இரண்டடி தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடுங்கள். மொட்டுக் கட்டும் சமயத்தில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 3 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை வேருக்கு ஊற்றலாம். ஈரமில்லாத மண்ணில் மட்டும் ஊற்றக் கூடாது.

தண்ணீர்: நட்ட முதல் மூன்று மாதம் மண் காயவிடாமல், வாரம் மூன்று முறை. வேரூன்றிய பிறகு மழையில்லாத காலத்தில் வாரம் ஒருமுறை 15 முதல் 20 லிட்டர் வரை நின்று நிதானமாக ஊறும்படி விடுவது தினம் ஒரு குவளை தெளிப்பதைவிடப் பல மடங்கு மேல். தினம் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, ஒருநாள் தவறினாலும் இலை துவளும். காய்ந்த இலையோ தென்னைநாரோ 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் திறந்திருக்கட்டும்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பார்த்துத்தான் மருந்து. அடியில் உள்ள பழைய இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோலமாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், சிமெண்டுக் கழிவு கொட்டிய சுவரோரத்திலும் இது வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதை வேர் எடுக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அது உடனடி நிவாரணம்தான். நிரந்தரமாகச் சரியாக, தொடர்ந்து மக்கு உரம் சேர்த்து மண்ணை மாற்ற வேண்டும். இந்த நிலையில் அடுப்புச் சாம்பல் போடுவது நோயை வளர்ப்பது. கீழும் மேலும் சேர்ந்து இலைகள் வெளிறி, மண்ணில் விரலை விட்டால் எப்போதும் ஈரம் ஒட்டினால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். தண்ணீரை நிறுத்தி வடிகாலைப் பாருங்கள், உரம் எதுவும் வேண்டாம்.

பூச்சித் தொல்லை இதற்கு அதிகமில்லை. காற்றோட்டமில்லாத சுவரோரத்தில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் தண்டில் ஒட்டும். இலையில் கரி பூசியதுபோல் படிந்தாலோ எறும்பு வரிசையாக ஏறினாலோ மேலே அவை இருக்கின்றன என்று அர்த்தம். அடர்த்தியைக் குறைத்து வெட்டி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு வேப்ப எண்ணெய் 5 மில்லியும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் ஒரு லிட்டரில் கலக்கி, வாரம் ஒருமுறை மூன்று வாரம், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். விரிந்த பூவில் தெளிக்காதீர்கள். இராப்பூச்சிக்கும் தேனீக்கும் கெடுதல். இலை விளிம்பில் கத்தரித்து எடுத்ததுபோல் அரைவட்டங்கள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அதற்கு மருந்து அடிக்க வேண்டாம்.

தொட்டியில் வைக்கிறவர்கள் குறைந்தது 45 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ளதை எடுக்க வேண்டும். தோட்டமண் இரண்டு பங்கு, மக்கு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பூக்கும் காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை நீரில் கரையும் கலப்பு உரம் லிட்டருக்கு 2 கிராம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் சுற்றிலும் கால் பங்கை அறுத்து, புது மண் இட்டு வைக்க வேண்டும். அன்றே கொடியையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தொட்டியை மண்தரையில் வைத்தால் வேர் அடித்துளை வழியாக இறங்கி நிலத்தைப் பிடித்துவிடும். அப்புறம் அது தொட்டிச் செடி இல்லை. தொட்டிக்கடியில் செங்கல் வையுங்கள். குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்குத் தொட்டிதான் வழி. வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இலை உதிர்த்து ஓய்ந்துவிடும். அதற்கு முன்பே உள்ளே எடுத்து, வெளிச்சமான இடத்தில் வைத்து, மண் தூளாகாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, இளவேனிலில் பலமாக வெட்டி வெளியே கொண்டுவரலாம்.

நிலத்தில் நட்டவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வயதான கொடி வேரிலிருந்து பக்கக்கன்றுகளைத் தாய்ச்செடிக்கு ஒரு மீட்டர் தள்ளியும் கிளப்பும். வேண்டாத இடத்தில் வந்ததைத் தரையோடு வெட்டினால் இரண்டாகக் கிளம்பும். மண்ணைத் தோண்டி, வேரோடு சேரும் இடத்தில் அறுத்து எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போன்ற இடங்களில் இது தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவும் களையாகவே கருதப்படுகிறது. ஆகவே வெட்டிய கொடியையும் தோண்டிய வேரையும் ஓடைக்கரையிலோ வெற்றிடத்திலோ வீசாமல் நன்றாகக் காயவைத்து அகற்றுங்கள். ஐந்து விளிம்புள்ள கருப்புக் காய் எப்போதாவது பிடித்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பறித்துவிடுங்கள். சீன மருத்துவத்தில் அந்த விதையைக் குடற்புழுவுக்குப் பயன்படுத்துவதுண்டு என்றாலும், அதில் குவிஸ்குவாலிக் அமிலம் என்ற நரம்பைத் தூண்டும் பொருள் இருக்கிறது. அளவு தெரியாமல் தின்றால் விக்கல், குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் வரும்.

கன்று எடுப்பதைக் கடைசியில் சொன்னாலும், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான். பெரிய கவாத்தில் வெட்டி எறியப் போகும் தண்டுகளை வெட்டுவதற்கு முன்பே பதியன் போட்டுவிடுங்கள். பென்சில் பருமனுள்ள, தரையை எட்டும் தண்டு ஒன்றைத் தேர்ந்து, நுனியிலிருந்து இரண்டடி உள்ளே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். உரித்த இடத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டி வழவழப்பை எடுத்துவிடுங்கள். அந்த மெல்லிய படலம் மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பதியன் தோற்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. அந்த இடத்தை நாலு விரல் ஆழம் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, நுனி வெளியே நிமிர்ந்து நிற்கும்படி குச்சியில் கட்டுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வெப்பப் பருவத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள். பிடி இருந்தால் தாய்ப்பக்கம் அறுத்து, இரண்டு வாரம் அங்கேயே விட்டு, பிறகு எடுக்கலாம். தாய்த்தண்டுகளில் பதியனுக்கு விட்டதைத் தவிர மற்றவற்றை இதற்கிடையிலேயே கவாத்து செய்துகொள்ளலாம்.

போத்து நடுவதானால் பச்சையும் இல்லாமல் கட்டையும் இல்லாமல் பாதி முற்றிய தண்டில் ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. கீழ் இலைகளைக் களைந்து, மேல் இலையைப் பாதியாக நறுக்கி, வேர் ஊக்கிப் பொடியில் தோய்த்து, மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த கலவையில் இரண்டு கணு புதையச் செருகுங்கள். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். பதியனைவிடத் தோல்வி அதிகம், ஆகவே ஒரு கன்று வேண்டுமென்றால் ஐந்தாறு போத்தாவது செருக வேண்டும். அடுக்குப் பூ ரகத்தில் காய் பிடிப்பதை எதிர்பார்க்க முடியாது, பதியனும் போத்தும்தான் வழி.

புதுக் கன்றுக்கு இடம் தேடும்போது வெயிலோடு இன்னொன்றையும் பாருங்கள்: மாலையில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள், காற்று அந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறது. காற்று வரும் பக்கத்தில், சன்னலுக்கோ திண்ணைக்கோ இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். எடுத்த மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கு உரம் கலந்து நிரப்பி, தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகாத பந்தலாகப் போட்டு, முதல் சாட்டைத் தளிர் வந்த நாளிலிருந்தே படுக்கவைத்துக் கட்டினால் பூக்கள் மூக்கு மட்டத்திலேயே விரியும்.